உப்புக்காற்று வீட்டுக்கு எந்த உலோகம்? இரும்பு, ஜிஐ, எவர்சில்வர், அலுமினியம், யுபிவிசி

நாகப்பட்டினத்தில் அக்கா கட்டும் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பூச்சு வேலை முடிந்து ஜன்னல் வைக்கும் நேரம் வந்ததும் போன் செய்தாள். "தம்பி, கிரில்லுக்கு எவர்சில்வர் போடுங்கன்னு ஒருத்தர் சொல்றார், இரும்பே போதும்னு கொத்தனார் சொல்றார், உங்க அத்தான் அலுமினியம்கிறார். நீ பட்டறை வச்சிருக்கிறவன், நீயே சொல்லு."

போனிலேயே ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். மனசு வரவில்லை. அப்பா கட்டிய பழைய வீட்டின் ஜன்னல் கண்முன் வந்துவிட்டது. 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, நல்ல இரும்பு. நடுக்கம்பியெல்லாம் பெயின்ட்டோடு இன்றும் நேராக நிற்கிறது. ஆனால் கீழே, கம்பியைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்த இடத்தைப் பாருங்கள். துரு ஏடு ஏடாக எழும்பி நிற்கும். நகத்தால் சுரண்டினால் அப்பளம்போல் உதிரும். உதிர்ந்தபின் உள்ளே மிஞ்சியிருப்பது பென்சில் கனம்தான். கம்பியின் பலம் ஒரு நாளும் அந்த ஜன்னலுக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை. தண்ணீர் தங்கிய ஒரு மூட்டுதான் அதைத் தின்றது.

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் "எது ஸ்ட்ராங்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது என்பது என் எண்ணம். பலத்தில் இந்தப் பொருள்கள் பெரும்பாலும் தேறிவிடும். வளைவதிலும் அரிப்பதிலும்தான் அவை ஒன்றுக்கொன்று தூரமாக விலகுகின்றன.

பலம் வேறு, விறைப்பு வேறு

முதலில் பலத்தைப் பார்த்துவிடுவோம். சாதாரண மைல்டு ஸ்டீல், அதாவது நாம் இரும்பு என்று வாங்குவது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ இழுவை வரை தாங்கும். விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் நிரந்தரமாக நீளத் தொடங்கும். பாடப்புத்தகக் கணக்கில் இது 250 மெகாபாஸ்கல். 304 எவர்சில்வருக்கு இந்த எல்லை குறைந்தபட்சம் 205. இரும்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஜன்னலுக்கு வரும் 6063 ரக அலுமினியத்தில் சூடாக்கிக் கடினமாக்கிய பதம் டி6 என்றால் 170க்கு மேல், டி5 என்றால் 110க்கு மேல். ஜன்னலுக்கு வரும் கெட்டிப் பிளாஸ்டிக்கான யுபிவிசி 40, 50க்குள் நின்றுவிடும்.

12 மி.மீ. சதுரக் கம்பிக்கு முகப்பரப்பு 144 சதுர மி.மீ. நீளவாக்கில் இழுத்தால் அந்த ஒற்றை இரும்புக் கம்பி மூன்றரை டன் தாங்கும். ஜன்னலில் யார் அப்படி இழுக்கப்போகிறார்கள்? குறுக்கே பிடித்துத் தள்ளுவார்கள், சாய்வார்கள், குழந்தைகள் ஏறி நிற்பார்கள். அப்போது வேலை செய்வது இன்னொரு குணம்: விறைப்பு. இதை அளப்பதுதான் யங் குணகம். இரும்புக்கு 200 கிகாபாஸ்கல், எவர்சில்வருக்கு 193, அலுமினியத்துக்கு 69, தேக்குக்கு நார் வாக்கில் 10, 12, யுபிவிசிக்கு 3க்கும் கீழே.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு மீட்டர் நீளக் கம்பியை இரண்டு முனையிலும் செங்கல் வைத்துத் தாங்கி, நடுவில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. சதுர இரும்புக் கம்பி 6 மி.மீ. தொய்யும். அதே அளவு அலுமினியக் கம்பி 17 மி.மீ.க்கு மேல் தொய்யும். இரண்டும் உடையாது, பையை எடுத்ததும் நேராகிவிடும். ஆனால் 17 மி.மீ. தொய்கிற கம்பியை விலக்கித் தலையை நுழைக்க முடியுமா என்று திருடன் யோசிப்பான்.

சரி, அலுமினியம் அவ்வளவுதானா என்றால் இல்லை. தொய்வு கம்பியின் கனத்தைப் பொறுத்து நான்காம் அடுக்கில் குறையும், அதாவது கனம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். 12க்குப் பதில் 16 மி.மீ. போட்டால் அலுமினியம் இரும்பைவிடச் சற்று விறைப்பாகவே நிற்கும். எடையோ இரும்பில் மீட்டருக்கு 1.13 கிலோ, அந்த 16 மி.மீ. அலுமினியத்தில் வெறும் 0.69 கிலோ. உள்ளே கூடாக, வெளியே அகலமாக இழுத்த செக்ஷன் என்றால் இன்னும் மிச்சம். விமானமும் பேருந்துக் கூடும் இந்த வழியில்தான் எடை குறைக்கின்றன. ஆக, அலுமினியத்தை இரும்பின் அளவிலேயே வாங்குவதுதான் தப்பு. அத்தானிடம் இதைத்தான் சொன்னேன். ஆனால் கிரில்லுக்கு வேறொரு காரணத்தால் நான் அலுமினியத்தை ஏற்கவில்லை: அது மென்மையானது. சாதாரண ஹேக்ஸா பிளேடு சத்தமில்லாமல் அறுத்துவிடும்.

இரும்பின் இன்னொரு நல்ல குணம், அது உடைவதற்கு முன் நன்றாக நீளும். மைல்டு ஸ்டீல் அறுவதற்குள் தன் நீளத்தில் கால் பங்கு வரை நீண்டு காட்டும், 304 அதைவிட அதிகம், 40 சதவீதம். வார்ப்பிரும்புக்கு இந்தப் பொறுமை கிடையாது. இடித்தால் சட்டென்று ஓடு மாதிரி விண்டுவிடும். பழைய கட்டடங்களின் பூவேலைக் கம்பியைப் பார்த்து ஆசைப்பட்டு கேட்டுக்கு வார்ப்பிரும்பு கேட்பவர்களிடம் இதைச் சொல்லித்தான் தடுப்பேன். அலங்காரத்துக்கு வைக்கலாம், அடி வாங்கும் இடத்துக்கு வேண்டாம்.

கடல் என்ன செய்கிறது

இனி அரிப்பு. முடிவு இங்கேதான் இருக்கிறது.

காற்றின் அரிக்கும் வேகத்தைச் சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது ஐஎஸ்ஓ 9223 என்ற தர அளவுகோல். சி4 காற்றில் வெறும் இரும்பு முதல் ஆண்டில் 50 முதல் 80 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கரையும். சி5 என்றால் 80 முதல் 200 வரை. துத்தநாகமோ சி4ல் 2.1 முதல் 4.2 மைக்ரான், சி5ல் 4.2 முதல் 8.4. இருபது மடங்கு வித்தியாசம். தகரத்துக்கும் பைப்புக்கும் துத்தநாகம் பூசுவதன் காரணம் இந்த ஒரே வரியில் இருக்கிறது. அது தானும் மெதுவாகக் கரையும், கீறல் விழுந்தால் பக்கத்து இரும்புக்காகத் தன்னைக் கொடுத்துக் காக்கவும் செய்யும்.

ஆனால் துத்தநாகம் பூசிய இரும்பில் "ஜிஐ" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் 120 ஜிஎஸ்எம் தகட்டில் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்கு 60 கிராம், கனம் எட்டரை மைக்ரான்கூட இல்லை. மேலே சொன்ன வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: சி4 காற்றில் இரண்டு முதல் நான்கு ஆண்டு. பட்டறையில் வெல்டிங் முடித்த கிரில்லை முழுசாக 450 டிகிரி உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தால், 5 மி.மீ.க்கு மேல் கனமான இரும்பில் ஏறக்குறைய 85 மைக்ரான் ஏறும். அதே காற்றில் அது இருபது முதல் நாற்பது ஆண்டு.

அப்புறம் வெல்டிங். ஜிஐ பைப்பை வாங்கி வந்து பட்டறையில் ஒட்டினால் மூட்டில் இருக்கும் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். அந்தப் புகையை இழுத்தவனுக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். என் பட்டறையில் ஒரு பையன் இரண்டு நாள் படுத்திருக்கிறான், அதன்பிறகு விசிறி வைக்காமல் ஜிஐ ஒட்ட விடுவதில்லை. சரி, மூட்டில் துத்தநாகம் போய்விட்டது, மேலே வெள்ளி பெயின்ட் அடித்து மூடிவிடுவார்கள். மழைத் தண்ணீர் தங்குவதும் அதே மூட்டில்தான். தெருவில் ஜிஐ கேட் எதையும் நின்று பாருங்கள், பைப் பளபளக்கும், மூட்டெல்லாம் காவி ஒழுகியிருக்கும். ஒட்டிய பிறகு முக்குவதுதான் முறை, முக்கியதை ஒட்டுவதல்ல.

துரு ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு துருவாகும்போது தன் கன அளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை ஊதும். அதனால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது, திண்டுக் கான்கிரீட் வெடிக்கிறது, ஓரத்தில் விழுந்த சின்னப் பிளவு மறு மழைக்குள் விரலளவு திறந்துகொள்கிறது. வெறும் ரெட் ஆக்சைடு, மேலே எனாமல் என்ற வழக்கமான பூச்சு கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் பத்து வருஷம் தாங்கலாம். கடலோரத்தில் இரண்டு மழைக்காலம்தான். பெயின்ட்டையே நம்புவதானால் துருவைப் பிளாஸ்டிங்கில் (துகளை வேகமாக அடித்துத் தேய்ப்பது) வெள்ளையாகக் களைந்து, துத்தநாகம் நிறைந்த பிரைமர், அதன்மேல் எபாக்ஸி, கடைசியில் பாலியூரிதேன் என்று மூன்று அடுக்குப் போட வேண்டும். பாம்பன் பழைய ரயில் பாலம் 1914ல் திறந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆள்கள் விடாமல் பெயின்ட் அடித்தும், 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியின் அரிப்பால் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் எவர்சில்வர் கம்பியும் வெளியே பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

எவர்சில்வர் என்ற பெயரில் வருவது

எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காது என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். சமையலறையில் அது உண்மை. 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய கலவையிலிருந்து இன்றைய டம்ளர் வரை காப்பது ஒன்றே: இரும்போடு சேர்ந்த குரோமியம், குறைந்தது 10.5 சதவீதம். அது காற்றில் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு படலம் போட்டுக்கொள்ளும். கீறினால் தானாகவே திரும்பப் படரும். உப்பிலிருக்கும் குளோரைடுதான் இந்தப் படலத்தை ஊசி முனைபோல் துளைக்கும். துளைத்த இடத்தில் குழி விழும், சுற்றிலும் தேநீர் நிறத்தில் கறை படியும்.

கடையில் கிடைப்பது மூன்று ரகம். 304ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316ல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், குளோரைடைத் தடுப்பது அதுதான். 202ல் விலையேறிய நிக்கலைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். மூன்றுமே வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். காந்தம் வைத்துப் பார்க்கிற வழக்கம் இதில் உதவாது, 202லும் ஒட்டாது, 304லும் ஒட்டாது. "ஒட்டலைல்ல, ஒரிஜினல்" என்று காட்டுகிறவரிடம் 202ஆ 304ஆ என்று கேளுங்கள். பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். 304க்கும் 316க்கும் வித்தியாசம் காட்ட ஒரு சொட்டுத் திரவம் இருக்கிறது, சின்ன பேட்டரி வைத்துத் தொட்டால் மாலிப்டினம் இருக்கிற துண்டில் நிறம் மாறும். பெரிய வேலை என்றால் அதைக் கேட்டு வாங்கிச் செய்துவிடுவது நல்லது.

கிலோவுக்கு 304ன் விலை இரும்பைப் போல மூன்று நான்கு மடங்கு, 316 அதையும் தாண்டும். அதனால் எவர்சில்வர் கிரில் என்பது பெரும்பாலும் 1.2 மி.மீ. தோல் கனமுள்ள, உள்ளே வெற்றான பைப். வெளியே பார்க்கத் தடியாக இருக்கும், அறுக்கத் தொடங்கினால் இரண்டே நிமிஷம். கெட்டியான இரும்புக் கம்பியின் காவலை இதில் எதிர்பார்க்க முடியாது.

பட்டறைக்குள் நடக்கும் ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும், இதை வாடிக்கையாளர் யாரும் பார்ப்பதில்லை. காலையில் இரும்பு கேட்டைத் தேய்த்த அதே கிரைண்டிங் வீலால் மதியம் எவர்சில்வர் கைப்பிடியைத் தேய்ப்பார்கள். வீலில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் எவர்சில்வர் மேல் பதிந்துவிடும். அன்றைக்குத் தெரியாது. மாட்டிய பதினைந்தாம் நாள் புள்ளி புள்ளியாகத் துரு எழும், "மட்டமான சரக்கைக் கொடுத்துட்டாங்க" என்று கடைக்காரர் திட்டு வாங்குவார். சரக்கு நல்லதுதான், வீல்தான் தப்பு. எவர்சில்வருக்குத் தனி வீல், தனி பிரஷ். வெல்டிங் போட்ட இடத்தில் நீலமும் பொன்னிறமுமாக ஏறும் கறை அழகாக இருக்கும், ஆனால் அங்கே படலம் செத்துக் கிடக்கிறது. அமிலம் கலந்த பிக்கிளிங் பசை தடவிக் கழுவி எடுத்தால்தான் மறுபடி உயிர் வரும். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவது இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, விரிவது ஒன்றரை மடங்கு. ஆகவே ஒட்டும்போது கோணிக்கொள்ளும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

ஜன்னல் சட்டம்: அலுமினியமா, யுபிவிசியா, மரமா

கிரில் ஒன்று, அதற்கு முன்னால் கண்ணாடி பிடிக்கும் சட்டம் இன்னொன்று. இங்கே திருடனைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. காற்று, வெயில், உப்பு மட்டும்தான்.

அலுமினியம் தன்மேல் தானே ஒரு ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும், துருவாக ஊதாது. 60, 80 மைக்ரான் பவுடர் கோட்டிங் சேர்ந்தால் கடலோரத்துக்கு நன்றாகத் தாங்கும். அறுத்த முனையிலும் திருகு துளையிலும்தான் கோட்டிங் இருக்காது. அங்கே உப்பு புகுந்து கோட்டிங்குக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு போடும். அங்கே சாதாரண இரும்புத் திருகு போட்டால் திருகு முதலில் போகும், கறை சட்டம் முழுக்க ஒழுகும். திருகாவது எவர்சில்வராக இருக்கட்டும், நடுவே நைலான் வாஷர் கொடுத்தால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தின்னாது.

யுபிவிசிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. வெப்பத்தையும் கடத்தாது, அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மதியம் மூன்று மணிக்கு அலுமினியச் சட்டத்தில் கை வைத்துப் பாருங்கள், அப்புறம் யுபிவிசியில் வைத்துப் பாருங்கள். ஏசி வைக்கும் அறைக்கு இது நல்ல குணம். ஆனால் விறைப்பு இரும்பில் எழுபதில் ஒரு பங்கு என்பதால் உள்ளே ஒரு ஜிஐ பட்டையைச் சொருகித்தான் நிமிர்த்துவார்கள். அந்தப் பட்டை எத்தனை மி.மீ., என்ன பூச்சு என்று கேட்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். வெளியே வெள்ளைவெளேரென்று இருக்க, உள்ளே அது துருப்பிடித்துப் போனால் பெரிய கதவு தொங்கிவிடும். விரிவும் அதிகம். 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் யுபிவிசி 4 மி.மீ.க்கு மேல் நீளும், அலுமினியம் 1.4, இரும்பு 0.7. அந்த இடைவெளியை விட்டுப் பொருத்தாவிட்டால் சித்திரை மாதத்தில் சறுக்குக் கதவு இறுகிக்கொள்ளும். 80 டிகிரி அளவில் யுபிவிசி இளகத் தொடங்கும் என்பதால் மேற்கு வெயில் படும் சுவரில் கறுப்பு, காப்பி நிறம் எடுக்க வேண்டாம், வெள்ளையே எடுங்கள்.

மரத்தை மறந்துவிட்டீர்களே என்று அம்மா கேட்டாள். மறக்கவில்லை. தூத்துக்குடித் தோணி மரத்தில்தானே கடலில் ஓடியது? உப்பு மரத்தை அரிப்பதில்லை, மரத்தில் அடித்த இரும்பு ஆணியைத்தான் அரிக்கும். எடைக்கு எடை பார்த்தால் தேக்கின் விறைப்பு இரும்பையும் அலுமினியத்தையும் கிட்ட நெருங்கும். ஆனால் ஈரத்தில் குறுக்குவாக்கில் ஊதும், கரையான் வரும், நல்ல தேக்கின் விலையோ தலைசுற்ற வைக்கும். தலைவாசல் நிலைக்கும் கதவுக்கும் தேக்கு, பித்தளைத் திருகு, அவ்வளவுதான் என் சிபாரிசு.

அக்காவுக்குச் சொன்னது

கிரில்லுக்கும் கேட்டுக்கும் கெட்டியான மைல்டு ஸ்டீல். பட்டறையில் முழுசாக ஒட்டி, தேய்த்து, அப்புறம் சூட்டுத் தொட்டியில் துத்தநாகம் முக்கி, அதன்மேல் துத்தநாகத்தில் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரும் பெயின்ட்டும். சாதாரண பெயின்ட் கிரில்லைவிடச் செலவு கூடும், 304 கிரில்லைவிடக் குறையும், காவல் இரண்டையும்விடக் கெட்டி. சட்டத்தின் அடிக்கம்பியைத் திண்டில் பதிக்காமல் ஒரு விரல் உயரம் தூக்கிவைக்கச் சொன்னேன், தண்ணீர் ஓடிவிடும். அப்பா ஜன்னலுக்கு அந்த ஒரு விரல் இடைவெளி கிடைக்காமல் போனது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். படுக்கையறை கிரில் ஒன்றுக்குக் கீல் வைத்து உள்ளிருந்து திறக்கிற மாதிரி கேட்டிருக்கிறேன், தீ பிடித்தால் வெளியே வர வழி வேண்டும்.

கிழக்கு, தெற்குச் சிறு ஜன்னல்களுக்கு யுபிவிசி. கொண்டல் காற்று நேரே அடிக்கும் கூடத்துப் பெரிய சறுக்கு ஜன்னலுக்கு மட்டும் அலுமினியம், டி6 பதம் என்று எழுதி வாங்கியது. மொட்டைமாடிக் கைப்பிடிக்கு 316, பளபளப்பு மெருகோடு. சொரசொரப்பான மெருகில் உப்பு தங்கும். உள்படிக்கட்டுக்கு 304 போதும். 202 வீட்டுக்குள் டம்ளரோடு நிற்கட்டும்.

"மழை படாத இடத்துலதான் துரு கம்மியா இருக்கும்?" என்று அக்கா கேட்டாள். எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் இது தலைகீழ். மழை படும் பக்கம் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். சன்ஷேடுக்கு அடியில், மழை தொடாத பக்கம்தான் உப்பு படிந்து படிந்து கறை ஏறும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் பிடி என்றேன். போர் தண்ணீர் வேண்டாம், அங்கே போர் தண்ணீரே உப்பு.

கேட் வேலை முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை தொட்டிக்குப் போகிறது. பைப் வைத்த இடங்களில் காற்று வெளியேற இரண்டு முனையிலும் ஓட்டை இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் 450 டிகிரியில் ஆவியாகிப் பைப்பே வெடிக்கும். லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முனையாக விரல் விட்டுப் பார்த்தேன். பதினாறில் ஒன்று அடைபட்டிருந்தது, மறுபடி துளைத்து அனுப்பினேன்.